‘அப்பா எப்போ வருவாரு?’ - கோடியக்கரை குழந்தைக்கும் ராணுவ வீட்டுக் குழந்தைக்கும் ஒரே கேள்வி. பதில் சொல்ல ஆள் எங்கே?

வந்தியத்தேவனுக்குப் படகு வலித்த பூங்குழலியின் ஊராகத்தான் நம்மில் பலருக்கும் கோடியக்கரை அறிமுகம். கொஞ்சம் கூடுதலாகத் தெரிந்தவர்கள் வெளிமான், பூநாரை, 1967-ல் அறிவிக்கப்பட்ட சரணாலயம் என்று சொல்வார்கள். அந்த ஊருக்கு இன்னொரு முகமும் இருக்கிறது. நாகப்பட்டினம் மாவட்டத்தின் தென்கோடியில், வங்கக்கடலும் பாக் நீரிணையும் சேரும் இடம் அது. அங்கிருந்து இலங்கையின் காங்கேசன்துறை நேர்க்கோட்டில் 60 கிலோமீட்டர்கூட இல்லை. நடுவில் தண்ணீரின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு கோடு. அந்தக் கோட்டின் இரண்டு பக்கமும் கடற்படை.

அக்டோபர் முதல் மார்ச் வரையிலான மீன்பிடி சீசனில் வெளியூர் மீனவர்களும் வந்து தங்கித் தொழில் செய்கிற கரை இது. ‘கோடியக்கரைக்குத் தென்கிழக்கே மீன்பிடித்துக்கொண்டிருந்தபோது...’ என்று தொடங்கும் செய்தியை நீங்கள் எத்தனை முறை போனில் தள்ளிவிட்டிருப்பீர்கள்? சில நாள் கைது. சில நாள் கடற்கொள்ளையர் வந்து வலையையும் ஜிபிஎஸ் கருவியையும் பிடித்த மீனையும் பறித்துக்கொண்டு போனார்கள் என்று வரும். சில நாள் அடி, அரிவாள் வெட்டு. எத்தனை பேர், எத்தனை படகு, முதல்வர் கடிதம், அத்தோடு செய்தி முடிந்துவிடும்.

செய்தி முடிந்த பிறகு அந்த வீட்டில் என்ன நடக்கிறது? ராணுவக் குடும்பங்களின் பிள்ளைகளுக்காக உலகம் முழுக்க உருவாக்கப்பட்ட உளவியல் ஆலோசனை முறைகள், அதாவது நாம் சாதாரணமாகச் சொல்கிற ‘கவுன்சலிங்’, இந்தக் கரைக்கு ஏன் வரவில்லை? இந்த இரண்டு கேள்விகளைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

இரண்டு வீடு, ஒரே கேள்வி

இரண்டு வீடுகளை நினைத்துப் பாருங்கள். முதல் வீடு வேதாரண்யம் பக்கம் ஒரு மீனவக் குப்பத்தில். அப்பா நேற்று சாயங்காலம் ஃபைபர் படகில் போனவர், காலையில் திரும்பவில்லை. பக்கத்து வீட்டு அண்ணன் போனில் வாட்ஸ்அப் மெசேஜ் வந்துவிட்டது. அம்மாவுக்குத் தெரிவதற்கு முன்பே, பள்ளிக்கூடத்தில் இருக்கிற பையனுக்கு விஷயம் தெரிந்துவிட்டது.

இரண்டாவது வீடு, அங்கிருந்து சுமார் 100 கிலோமீட்டர் தள்ளி, தஞ்சாவூர் பக்கம் நெல் வயலுக்கு நடுவே ஒரு கிராமத்தில். அப்பா காஷ்மீரில் ஜவான். வருடாந்திர விடுப்பு 60 நாள். அதில் பாதி நிலம், கல்யாணம், கடன் என்று ஓடிவிடும். 2025 மே 7-ம் தேதி ‘ஆபரேஷன் சிந்தூர்’ தொடங்கி 10-ம் தேதி சண்டை நிற்கும் வரை, நமக்கு அது டிவியில் ஓடிய பரபரப்பு. அந்த வீட்டுப் பெண் குழந்தைக்கு, ஒவ்வொரு ‘பிரேக்கிங் நியூஸ்’ சத்தமும் அப்பாவைப் பற்றிய சேதியோ என்ற பயம்.

இரண்டு குழந்தைகளும் ராத்திரி அம்மாவிடம் கேட்பது ஒன்றுதான்: “அப்பா எப்போ வருவாரு?” இரண்டு அம்மாக்களும் சொல்வதும் ஒன்றுதான்: “வந்துடுவாரு, நீ தூங்கு.”

ஒரு வித்தியாசம் உண்டு. ஜவானின் மகளைப் பார்த்து ஊர், “உங்கப்பா நாட்டுக்காக நிக்கிறாரு” என்று சொல்லும். மீனவரின் மகனைப் பார்த்து டிவி, “எல்லை தாண்டியதாக” என்று சொல்லும். ஒருவனுக்குப் பெருமையாவது ஆறுதல். இன்னொருவனுக்கு அதுவும் இல்லை.

ராணுவக் குடும்பங்களிடமிருந்து கற்றது என்ன?

அப்பா அல்லது அம்மா பணிக்குப் போய்த் திரும்பும் காலத்தில் குடும்பத்தின் மனநிலை எப்படி மாறுகிறது என்பதை அமெரிக்க ராணுவ மருத்துவர்கள் 2001-ல் ஐந்து கட்டங்களாகப் பிரித்தார்கள். போவதற்கு முந்தைய பதற்றம். போன முதல் மாதத்தின் தடுமாற்றம். பிறகு ‘பழகிப்போன’ நடுக்காலம். திரும்பி வரப்போகிறார் என்ற நாட்களின் எதிர்பார்ப்பு. கடைசியாக, வந்த பிறகான காலம்.

இதில் நம்மை யோசிக்க வைப்பது கடைசிக் கட்டம்தான். ‘ஆள் வந்துட்டாரு, இனி என்ன பிரச்சினை?’ என்று நினைப்போம். ஆனால் அவர் இல்லாத நாட்களில் வீடு வேறு மாதிரி ஓடப் பழகியிருக்கும். பணக் கணக்கு அம்மா கையில். மூத்த பையன் ‘வீட்டு ஆம்பள’ ஆகியிருப்பான். சின்னவள் அப்பாவிடம் போகவே தயங்குவாள். வந்தவருக்கோ கோபம், தூக்கமின்மை, சும்மா ஒரு பட்டாசு வெடித்தாலும் திடுக்கிடல். யாழ்ப்பாணம் சிறையிலிருந்து திரும்பிய மீனவர் வீட்டில் இது நடக்காது என்று நாம் ஏன் நினைக்கிறோம்?

அமெரிக்காவில் 2004-ல் தொடங்கிய ராணுவக் குடும்ப ஆலோசனைத் திட்டத்தில், படைத்தளங்களை ஒட்டிய பள்ளிகளுக்கே ஆலோசகர்களை அனுப்புகிறார்கள். மருந்து கிடையாது, நோய்ப் பெயர் சூட்டுவதும் கிடையாது. பேசலாம், அவ்வளவுதான். 2006-ல் ‘செசமி ஸ்ட்ரீட்’ என்ற குழந்தைகள் நிகழ்ச்சியின் பொம்மைகளை வைத்தே, அப்பா பணிக்குப் போவதைப் பற்றி ராணுவக் குழந்தைகளிடம் பேசும் வீடியோக்களைத் தயாரித்தார்கள். மூன்று வயதுக் குழந்தைக்கும் விளக்கம் பெறும் உரிமை உண்டு என்பதுதான் இதன் அடிப்படை.

இந்தியாவிலும் ஏற்பாடுகள் இல்லாமல் இல்லை. 1966-ல் தொடங்கிய ராணுவ மனைவியர் நலச் சங்கம் இருக்கிறது. சிறப்புக் குழந்தைகளுக்கு ‘ஆஷா’ பள்ளிகள் இருக்கின்றன. 2022 அக்டோபர் 10-ல் மத்திய அரசு ‘டெலி மானஸ்’ என்ற மனநலத் தொலைபேசிச் சேவையைத் தொடங்கியது. 2023 டிசம்பர் 1-ல் புனே ராணுவ மருத்துவக் கல்லூரியில் படைவீரர்களுக்கும் அவர்கள் குடும்பத்துக்கும் என்றே தனிப் பிரிவு திறக்கப்பட்டது. படைவீரரின் பிரச்சினை வேறு மாதிரி, அதைப் புரிந்தவர்தான் பேச வேண்டும் என்று அரசே ஒப்புக்கொண்டதன் அடையாளம் அது.

ஆனால் இதில் ஒரு ஓட்டை இருக்கிறது. இந்த ஏற்பாடுகளில் பெரும்பகுதி படைத்தள வளாகத்துக்குள் இருப்பவர்களுக்குத்தான் கைக்கு எட்டும். தஞ்சாவூர் விமானப்படைத் தளம் 2013-ல் முழு அளவில் செயல்படத் தொடங்கியது. 2020 ஜனவரியில் அங்கே சுகோய் போர் விமானப் படைப்பிரிவே வந்தது. வளாகத்துக்குள் ஒரு சமூகம் இருக்கிறது. ஒருவருக்கொருவர் நிலைமை தெரியும். அதே தஞ்சாவூர் மாவட்டத்தின் ஏதோ ஒரு கிராமத்தில் மாமனார் வீட்டில் இருக்கும் ஜவானின் மனைவிக்கு, மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் என்றால் ஓய்வூதியத்துக்கும் சான்றிதழுக்கும் போகிற இடம். அழுகை வந்தால் போகிற இடம் அல்ல.

போனவர் இருக்கிறாரா, இல்லையா?

அமெரிக்க உளவியலாளர் பாலின் பாஸ், 1970-களில் வியட்நாம் போரில் காணாமல்போன வீரர்களின் குடும்பங்களை ஆராய்ந்தார். செத்தவருக்குச் சடங்கு உண்டு, நாள் உண்டு, அழுது தீர்க்க வழி உண்டு. காணாமல் போனவருக்கு எதுவும் இல்லை. உடம்பு இல்லை, ஆனால் மனதில் ஆள் இருக்கிறார். முடிவு தெரியாத இந்த இழப்பைக் குறிக்க அவர் ஒரு தனிப் பெயரே வைத்தார். தெளிவில்லாத இழப்பு என்று தமிழில் சொல்லலாம்.

நமக்குத் தெரிந்த உதாரணமே இருக்கிறது. 2016 ஜூலை 22-ல் தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேருக்குக் கிளம்பிய விமானப்படையின் ஏஎன்-32 விமானம் 29 பேருடன் வங்கக்கடலின் மேல் மறைந்தது. இரண்டு மாதத்தில் அனைவரும் இறந்ததாகக் கருதப்படுவதாக அறிவித்தார்கள். விமானத்தின் சிதைவுகள் என்று கருதப்படுபவை சென்னைக்குக் கிழக்கே கடலடியில் கிடைத்ததாக அறிவிப்பு வந்தது 2024 ஜனவரியில். இடையில் ஏழரை வருடம். அந்த வீடுகளில் ஒவ்வொரு நாளும் கதவு தட்டும் சத்தம் எப்படிக் கேட்டிருக்கும்?

இப்போது கடற்கரைக்கு வாருங்கள். 2017 நவம்பர் 30-ல் வீசிய ஒக்கி புயலில் போன கன்னியாகுமரி மீனவர்கள் பலர் திரும்பவே இல்லை. ஏழு வருடம் தகவல் இல்லாமல் இருந்தால்தான் ஒருவர் இறந்ததாகச் சட்டம் பொதுவாக அனுமானிக்கும். கடலுக்கு அந்தப் பக்கம், இலங்கையின் வடக்கிலும் கிழக்கிலும் போர்க்காலத்தில் காணாமல் போனவர்களின் தாய்மார் இன்றும் புகைப்படத்தை ஏந்தி நிற்கிறார்கள். தெளிவில்லாத இழப்புக்கு எல்லைக் கோடு கிடையாது.

கைதான மீனவர் விஷயம் இதில் ஒரு சின்ன வகை. அவர் உயிரோடு இருக்கிறார், எங்கே என்றும் தெரியும். ஆனால் எப்போது வருவார் என்று தெரியாது. முதல் வாய்தா, அடுத்த வாய்தா, காவல் நீட்டிப்பு. விடுதலையாம், அபராதமாம், படகு மட்டும் வராதாம். ஒவ்வொரு வாய்தாவுக்கும் நம்பிக்கை ஏறும், இறங்கும். பெரியவர்களே ஆடிப்போகும் இந்த ஏற்ற இறக்கத்தில் ஏழு வயதுக் குழந்தை என்ன செய்யும்?

சுடுவது யார் என்பதுகூடக் குழந்தைக்குக் குழப்பம்தான். 2025 ஜனவரி 28-ல் நெடுந்தீவு அருகே இலங்கைக் கடற்படை சுட்டதில் காரைக்காலிலிருந்து போன படகில் இருந்தவர்கள் காயமடைந்தார்கள். 2022 அக்டோபர் 21-ல் பாக் நீரிணைப் பகுதியில் மயிலாடுதுறை மாவட்ட மீனவர் ஒருவரைக் காயப்படுத்திய குண்டு, நம் கடற்படைக் கப்பலிலிருந்தே வந்தது. ‘நேவி’ என்ற சொல் அந்தப் பிள்ளைகள் காதில் என்னவாக விழும்?

குழந்தை வாயால் சொல்லாது

குழந்தைகளின் பயம் ‘எனக்குப் பயமா இருக்கு’ என்று வராது. வேறு வேஷத்தில் வரும். ஐந்து வயதுக்குள் என்றால் அம்மாவின் முந்தானையை விடாது. நின்றுபோன படுக்கையில் சிறுநீர் கழிக்கும் பழக்கம் திரும்பும். ஆறிலிருந்து பன்னிரண்டு வயது வரை என்றால் காலையில் வயிற்றுவலி, பள்ளிக்குப் போக மறுப்பு, ‘நான் அடம்பிடிச்சதாலதான் அப்பா போனாரா?’ என்ற குற்ற உணர்வு. பதின்வயதில் கோபம், மௌனம், அல்லது படிப்பை விட்டுவிட்டு, “நான் வேலைக்குப் போறேம்மா” என்ற திடீர்ப் பொறுப்பு. இந்தக் கடைசி வகையை நாம் பாராட்டுகிறோம். ‘பாருங்க, எவ்வளவு பொறுப்பான பையன்!’ அந்தப் பாராட்டில் ஒரு பையனின் பள்ளிப் படிப்பு முடிந்துபோகலாம்.

கவுன்சலிங் என்பது அந்தப் பையனுக்கு அறிவுரை சொல்வது அல்ல. “தைரியமா இருடா” என்பதும் அல்ல. முதலில், வயதுக்கேற்ற அளவில் உண்மையைச் சொல்வது: “அப்பா யாழ்ப்பாணத்துல இருக்காரு. சாப்பாடு குடுக்கிறாங்க. எப்போ விடுவாங்கன்னு இன்னும் தெரியல. தெரிஞ்சதும் உன்கிட்டதான் முதல்ல சொல்லுவேன்.” இரண்டாவது, ‘இது உன்னால் நடக்கவில்லை’ என்று சொல்லுவது. மூன்றாவது, அன்றாடத்தைக் கலைக்காமல் வைப்பது: அதே நேரத்துக்குச் சாப்பாடு, தூக்கம், பள்ளி. நான்காவது, டிவியையும் வாட்ஸ்அப்பையும் குழந்தையின் காதிலிருந்து தள்ளி வைப்பது. இவ்வளவையும் அம்மா தனியாகச் செய்ய முடியாது. அவரையும் யாராவது தாங்க வேண்டும். ஆகவே ஆலோசனை என்பது குழந்தைக்கு மட்டும் அல்ல, குடும்பத்துக்கே.

அரசு ஆவணங்களில் ‘கவுன்சலர்’ பதவிக்கு அழகான ஒரு தமிழ்ச் சொல் இருக்கிறது: ஆற்றுப்படுத்துநர். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுகளில் இந்தப் பதவி இருக்கிறது. சொல் இருக்கிறது, பதவியும் இருக்கிறது. ஆனால் ஒரு படகு பிடிபட்ட மறுநாள் அந்தக் குப்பத்துக்கு மீன்வளத் துறை ஆள் வருவார், போலீஸ் வரும், டிவி மைக் வரும். ஆற்றுப்படுத்துநர் வர வேண்டும் என்று எந்த வழிமுறையும் வழக்கமாகச் சொல்வதில்லை.

நாகைக்கு இது புதுசு இல்லை

‘இதெல்லாம் வெளிநாட்டு ஐடியா, நம்ம ஊருக்கு ஒத்துவராது’ என்பவர்கள் 2004 டிசம்பர் 26-ஐ நினைத்துப் பார்க்க வேண்டும். சுனாமியில் நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதே காலை, கார் நிகோபார் விமானப்படைத் தளத்தில் குடியிருப்புகளோடு நூற்றுக்கும் மேற்பட்ட படைவீரர்களும் அவர்களது குடும்பத்தினரும் அடித்துச் செல்லப்பட்டார்கள். மீனவர் குடும்பத்தையும் ராணுவக் குடும்பத்தையும் கடல் பிரித்துப் பார்க்கவில்லை.

அப்போது பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் என்ன செய்தது? ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு ஆளுக்கொரு மனநல மருத்துவர் சாத்தியமில்லை. ஆகவே ஊருக்குள்ளேயே இருக்கும் ஆசிரியர்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள், தன்னார்வலர்கள் போன்றவர்களுக்குப் பயிற்சி கொடுத்தது. எப்படிக் கேட்பது, குழந்தையை எப்படி வரைய விடுவது, விளையாட விடுவது, யாரை மருத்துவரிடம் அனுப்புவது என்பதே பயிற்சி. பெற்றோரை இழந்த குழந்தைகளுக்காக நாகையில் ‘அன்னை சத்யா’ அரசுக் காப்பகம் உருவானது. அங்கே வளர்ந்தவர்கள் இன்று படித்து, வேலைக்குப் போய், கல்யாணம் செய்துகொண்டிருக்கிறார்கள்.

ஆக, வழிமுறை நம்மிடமே இருக்கிறது. அன்று ஒரே நாளில் வந்த பேரழிவுக்கு அதைப் பயன்படுத்தினோம். இன்று சொட்டுச் சொட்டாக வரும் துயரத்துக்குப் பயன்படுத்தவில்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

‘அதெல்லாம் சரி, ஆனா...’

“சோத்துக்கே வழி இல்ல, பேச்சு எதுக்கு?” இது நியாயமான கேள்வி. படகு போனால் பல லட்சம் கடன் நிற்கும். கைதான மீனவர் குடும்பத்துக்குத் தமிழக அரசு நாள் கணக்கில் உதவித்தொகை தருகிறது. அது வேண்டும், தாமதமில்லாமல் வேண்டும். பணத்துக்குப் பதிலாகக் கவுன்சலிங் என்று யாராவது சொன்னால் அதை எதிர்க்கும் முதல் ஆள் நான். ஆனால் பணத்தோடு சேர்த்து ஒரு மனிதரும் வர வேண்டும். உதவித்தொகை படிவத்தை நிரப்பிக் கொடுக்கிறவரே, “பையன் பள்ளிக்கூடம் போறானாம்மா?” என்று கேட்டால் என்ன குறைந்துவிடும்?

“எல்லை தாண்டிப் போனா பிடிக்கத்தானே செய்வாங்க?” இழுவை மடியால் தங்கள் வலை அறுபட்டு நிற்கும் யாழ்ப்பாணத்து மீனவரின் வலியும் உண்மை. அந்த வீட்டுக் குழந்தைகளுக்கும் இதே பயம் இருக்கிறது. எல்லை, உரிமை, இழுவை மடி பற்றிய வாதத்தை இரண்டு நாடுகளும் பேசட்டும். எட்டு வயதுக் குழந்தை எந்தக் கோட்டையும் தாண்டவில்லை.

“மனநலம்னு சொன்னாலே ஊர்ல பைத்தியம்னு சொல்லுவாங்க.” உண்மைதான். ராணுவத்திலும் இதே கூச்சம் உண்டு. ‘இவனுக்கு மனசு சரியில்ல’ என்று பெயர் வந்தால் பதவி உயர்வு போய்விடுமோ என்ற பயம். ஆகவேதான் பள்ளிக்குள்ளே, பதிவேடு இல்லாமல், சும்மா பேசும் இடமாக இது இருக்க வேண்டும் என்கிறேன்.

என்ன செய்யலாம்?

ஒன்று: படகு பிடிபட்ட தகவல் வந்த 24 மணி நேரத்துக்குள், பயிற்சி பெற்ற ஒருவர் அந்த வீட்டுக்குப் போவதை அரசின் வழிமுறையாக்க வேண்டும். மீன்வளத் துறை தகவல் கொடுத்தால் போதும், குழந்தைகள் பாதுகாப்பு அலகு கிளம்பலாம்.

இரண்டு: ஒவ்வொரு கடலோரப் பள்ளியிலும் குறைந்தது ஓர் ஆசிரியருக்கு, சுனாமிக்குப் பிறகு கொடுத்த மாதிரி பயிற்சி. ஊர்ப் பெண்களில் படித்த இரண்டு பேருக்கும் சேர்த்து.

மூன்று: அதே ஆசிரியரும் அதே பெண்களும் அந்த வட்டாரத்து ஜவான் வீடுகளையும் பார்க்கட்டும். முன்னாள் படைவீரர் நல அலுவலகம் அந்தப் பட்டியலைத் தரட்டும். குப்பத்துக்கு ஒருவர், ராணுவத்துக்கு ஒருவர் என்று தனித்தனியாகத் தேவையில்லை. பயம் ஒன்றுதான், அதைக் கேட்கும் காதும் ஒன்றாக இருக்கலாம்.

நான்கு: திரும்பி வந்த மீனவருக்கு மாலை போட்டு வரவேற்பதோடு நிறுத்தாமல், ஒரு மாதம் கழித்து ஒரு முறையும் மூன்று மாதம் கழித்து ஒரு முறையும் போய்ப் பார்க்க வேண்டும்.

ஐந்து: ஊர்ப் பஞ்சாயத்தாரைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். அவர்கள் ‘சரி’ என்று சொன்னால்தான் எந்த வீட்டுக் கதவும் திறக்கும்.

இதற்கெல்லாம் காத்திருக்க முடியாதவர்களுக்கு, 14416 என்ற இலவச எண் 24 மணி நேரமும் இயங்குகிறது, தமிழில் பேசலாம். தமிழ்நாட்டில் ‘நட்புடன் உங்களோடு’ என்ற பெயரில் இயங்கும் சேவை இதுதான். குழந்தைகளுக்கு ஆபத்து என்றால் 1098.

இதைப் போனில் படித்துக்கொண்டிருக்கும் உங்களுக்கும் ஒரு வேலை உண்டு. உங்கள் அலுவலகத்தில், உங்கள் அபார்ட்மென்ட்டில் கணவர் எல்லையில் இருக்கும் ஒரு பெண் இருக்கலாம். நாகை, காரைக்கால் பக்கத்திலிருந்து வந்து உங்களோடு வேலை பார்க்கும் ஒரு தம்பியின் அப்பா கடலில் இருக்கலாம். செய்தி வந்த அன்று “என்னாச்சு, யாரு சுட்டாங்க?” என்று விவரம் கேட்காதீர்கள். “சாப்பிட்டியா? வீட்ல தங்கச்சி எப்படி இருக்கா?” என்று கேளுங்கள். முடிந்தால் பத்து நாள் கழித்து, செய்தி எல்லாம் அடங்கிய பிறகு, இன்னொரு முறை கேளுங்கள். அந்த இரண்டாவது முறை கேட்க யாரும் வருவதில்லை.